எத்தனை அடி என்று கேட்கிறோம். எத்தனை டிகிரி என்று கேட்டோமா?

கோடை காலத்தில், தேவாரம் பக்கத்துக் கண்மாய் ஒன்றின் கரையில் விடியற்காலையில் போய் நின்று பாருங்கள்.

தண்ணீர் வற்றி முழங்கால் அளவுதான் கிடக்கும். கெண்டை மீன்கள் கூட்டமாக மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடும். கரையில் நிற்கும் சிறுவன் கேட்பான்:

"தாத்தா, மீனுக்குப் பசிக்குதா?"

"பசி இல்லடா. மூச்சு முட்டுது."

அந்தத் தாத்தா பள்ளிக்கூடத்தின் படியைக்கூட மிதிக்காதவராக இருக்கலாம். ஆனால் அவர் சொல்வதும் விஞ்ஞானிகள் சொல்வதும் ஒன்றுதான்.

மீனும் மூச்சு விடுகிறது. நாம் காற்றிலிருந்து பிராணவாயுவை எடுக்கிறோம். மீன் தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவைச் செவுளால் எடுக்கிறது. தண்ணீர் குளிர்ந்திருந்தால் பிராணவாயு நிறையக் கரையும். தண்ணீர் சூடேறினால் அது வெளியே ஓடிவிடும்.

இதற்குச் சாட்சி கோலி சோடா. குளிர்ந்த சோடாவைத் திறந்தால் அடக்கமாக இருக்கும். வெயிலில் கிடந்த சோடாவைத் திறந்தால் பொங்கிச் சட்டையை நனைத்துவிடும். சூடான தண்ணீரால் வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது.

கணக்கும் உண்டு. 10 டிகிரி செண்டிகிரேட் குளிர்ச்சியில், ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 11 மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருக்கும். 20 டிகிரியில் சுமார் 9 மில்லிகிராம். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான்.

இதில் இன்னொரு கொடுமையும் இருக்கிறது. மீனின் உடம்பு தண்ணீரின் சூட்டையே தன் சூடாகக் கொள்ளும். தண்ணீர் சூடானால் அதன் உடம்பு வேகமாக வேலை செய்யும். அப்போது அதற்குப் பிராணவாயு அதிகம் தேவை. தேவை கூடும்போது இருப்பு குறைகிறது! வருமானம் குறைந்த மாதத்தில் வீட்டுக்கு விருந்தாளி வந்தது போல.

நம் நாட்டு மீன்கள் வெயிலுக்குப் பழகியவை. அயிரையும் கெளுத்தியும் கம்பம் பள்ளத்தாக்கின் சூட்டைப் பெரும்பாலும் தாங்கும். விரால் இன்னும் கெட்டிக்காரன். தலையை வெளியே நீட்டிக் காற்றையே குடிக்கும்.

ஆனால் குளிரிலேயே பிறந்து, குளிரிலேயே வளர்ந்து, குளிரிலேயே முட்டையிடும் மீன் ஒன்று இருக்கிறது. உலகம் சூடாகும்போது அதன் கதி என்ன? அந்த மீனின் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன். கதையின் முடிவில் நம் ஊருக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

பிறந்த வீட்டுக்குத் திரும்பும் மீன்

அதன் பெயர் சால்மன். நம் கடற்கரைச் சந்தைகளில் விற்கும் காலா மீனையும் சிலர் 'இந்திய சால்மன்' என்று அழைப்பார்கள். அது வேறு குடும்பம். உண்மையான சால்மன் வட அமெரிக்கா, ஐரோப்பா, ருஷ்யா, ஜப்பான் முதலிய குளிர்ப் பிரதேசங்களில் வாழ்வது.

சால்மனின் வாழ்க்கை ஓர் அதிசயம். அது பிறப்பது மலை ஓடையில். தாய் மீன் வாலால் கூழாங்கற்களைத் தள்ளிக் குழி பறிக்கும். அதில் ஆயிரக்கணக்கான முட்டைகளை இட்டு, மறுபடியும் கல்லால் மூடும். கற்களின் இடுக்கில் குளிர்ந்த தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதுதான் முட்டைக்கு மூச்சு.

குஞ்சு பொரித்ததும் சில காலம் ஆற்றில் வளரும். பிறகு கடலுக்குப் போகும். அங்கே சில ஆண்டுகள் தின்று கொழுக்கும். பருவம் வந்ததும் ஊர் நினைவு வந்துவிடும்! கடலிலிருந்து ஆற்றுக்குள் நுழைந்து, தான் பிறந்த ஓடையையே தேடி வரும். தண்ணீரின் வாசனையை வைத்து வழி கண்டுபிடிக்கிறது என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். வழியில் அருவி இருந்தால் தாவும். பல நூறு மைல் எதிர் நீச்சல் போடும்.

இந்தப் பயணத்தில் அது சாப்பிடுவதே இல்லை. கடலில் சேர்த்து வைத்த கொழுப்புதான் அதன் கட்டுச்சோறு. பசிபிக் கடல் சால்மன்களில் பெரும்பாலானவை முட்டையிட்டதும் இறந்துவிடும். அந்த உடல்களே ஓடைக்கு உரமாகின்றன. பூச்சி முதல் கரடி வரை அதனால் வாழ்கின்றன.

பிறப்பு, வளர்ப்பு, பயணம், முட்டை, மரணம் என்று ஐந்து கட்டங்கள். ஐந்துக்கும் தண்ணீரின் குளிர்ச்சிதான் கடிகாரம்.

கடிகாரம் முந்தினால் என்ன ஆகும்?

முட்டையை முதலில் எடுத்துக்கொள்வோம். சினூக் என்ற பெரிய சால்மனின் முட்டை 5 டிகிரித் தண்ணீரில் பொரிக்க ஏறக்குறைய 100 நாள் ஆகும். 10 டிகிரித் தண்ணீரில் ஏறக்குறைய 50 நாள் போதும்.

'சீக்கிரம் பொரித்தால் நல்லதுதானே?' என்று கேட்பீர்கள். நல்லதல்ல. குஞ்சு வெளியே வரும் நாளில் அதற்குத் தீனியான சிறு பூச்சிகளும் ஓடையில் இருக்க வேண்டும். அடுப்பு மூட்டுவதற்கு முன்பே பந்தியில் உட்கார்ந்தால் இலை காலியாகத்தானே இருக்கும்? சூடு இன்னும் ஏறினால் முட்டை பொரிக்காமலே செத்துவிடும்.

அடுத்தது பயணம். நம் பக்கத்தில் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களைப் பாருங்கள். குளிர்ந்த நேரத்தில் நடப்பவருக்குக் களைப்பு குறைவு. உச்சி வெயிலில் நடப்பவர் பாதி வழியிலேயே படுத்துவிடுவார். சால்மனும் அப்படியே. தண்ணீர் சூடானால் உடம்பிலுள்ள கொழுப்பு வேகமாகக் கரைகிறது. கட்டுச்சோறு பாதி வழியில் தீர்ந்துவிடுகிறது. முட்டையிடும் இடம் சேருமுன்பே உயிர் போகிறது.

மூன்றாவது நோய். சூடான தண்ணீர், குறைந்த நீரோட்டம், நெருக்கமான கூட்டம் மூன்றும் சேர்ந்தால் செவுளைத் தாக்கும் நோய்கள் தீயாய்ப் பரவும்.

இவை வெறும் ஏட்டுப் படிப்பு அல்ல. நடந்த சங்கதிகள்.

2015-இல் நடந்தது

அமெரிக்காவின் வடமேற்கில் கொலம்பியா என்ற பெரிய ஆறு ஓடுகிறது. 2015-இல் அங்கே மலைப்பனி குறைவு. கோடை முன்கூட்டியே வந்தது. ஆற்றுத் தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டியது.

நமக்கு 20 டிகிரி என்றால் போர்வை தேடும் குளிர்! சால்மனுக்கோ அது காய்ச்சல் வந்த மாதிரி.

அந்த ஆண்டு சாக்கி என்ற சிவப்பு சால்மன் சுமார் 5 லட்சம் ஆற்றுக்குள் நுழைந்தன. அவற்றில் சுமார் இரண்டரை லட்சம் முட்டையிடாமலே செத்தன. இரண்டுக்கு ஒன்று! கடலையும், சீலையும், வலையையும் தாண்டி வந்தவை, வீட்டு வாசலில் விழுந்து இறந்தன.

அதற்கு முன்பு 2002-இல் கலிபோர்னியா மாகாணத்தின் கிளமாத் ஆற்றில் இன்னொரு சோகம். அதை விவசாயிகளான நாம் கவனமாகக் கேட்க வேண்டும்.

2001-இல் வறட்சி. மீனைக் காப்பாற்ற வேண்டும் என்று அங்குள்ள விவசாயிகளுக்குத் தண்ணீர் நிறுத்தப்பட்டது. வயல் காய்ந்தது. விவசாயிகள் கொதித்தெழுந்தார்கள். 2002-இல் வயலுக்குத் தண்ணீர் விட்டார்கள். அந்தச் செப்டம்பரில் ஆற்றில் தண்ணீர் குறைந்து, சூடேறி, நோய் பரவி, குறைந்தது 34,000 மீன்கள் செத்து மிதந்தன. அந்த மீனை நம்பித் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த யூரோக் என்ற பழங்குடி மக்கள் கரையில் நின்று கண்ணீர் விட்டார்கள்.

ஓர் ஆண்டு வயல் அழுதது. மறு ஆண்டு ஆறு அழுதது. குற்றம் விவசாயி மீதா, மீன் மீதா? இருவர் மீதும் இல்லை. எல்லோருக்கும் போதும் என்று நினைத்துத் தண்ணீரைப் பங்கு போட்டுவிட்டோம். வறட்சி வந்தால் என்ன செய்வது என்று யோசிக்கவில்லை.

பிறகு அந்த ஆற்றில் ஒரு நல்ல காரியம் நடந்தது. நீண்ட போராட்டத்துக்குப் பிறகு, மின்சாரத்துக்காகக் கட்டிய 4 பழைய அணைகளை இடித்தார்கள். 2024-இல் வேலை முடிந்தது. அதே ஆண்டு அக்டோபரில், நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் போக முடியாதிருந்த மேல் ஆற்றுக்கு சால்மன்கள் வந்து சேர்ந்தன. வழி திறந்தால் மீன் மறப்பதில்லை.

அணையில் தண்ணீர் இருந்தது, குளிர்ச்சி இல்லை

இனி நான் சொல்லப்போவதுதான் கதையின் முக்கியமான இடம்.

கலிபோர்னியாவில் சேக்ரமெண்டோ என்று ஓர் ஆறு. அதன் மேல் 1945-இல் சாஸ்தா அணையைக் கட்டி முடித்தார்கள். உயரம் 602 அடி. அணைக்கு மேலே குளிர்ந்த மலை ஓடைகள் இருந்தன. 'குளிர்கால சினூக்' என்ற சால்மன் அங்கேதான் முட்டையிட்டு வந்தது. அணை வழியை அடைத்தது. மீன் அணைக்குக் கீழேயே, வெயில் கொளுத்தும் சமவெளியில் முட்டையிட வேண்டியதாயிற்று. அதுவும் கோடை காலத்தில்!

எப்படிப் பிழைத்தது? பெரிய அணையின் அடியில் இருக்கும் தண்ணீர் ஜில்லென்று இருக்கும். மேலே இருப்பது சூடு. நம் ஊர்க் கிணற்றில் முங்கிக் குளித்தவர்களுக்கு இது தெரியும். அடித் தண்ணீரைத் திறந்துவிட்டால் ஆறு குளிரும், முட்டை பிழைக்கும். இதற்காகவே 1997-இல் அணையில் பெரிய கதவுகள் கொண்ட ஒரு யந்திர அமைப்பைச் செய்து வைத்தார்கள். வேண்டிய ஆழத்திலிருந்து வேண்டிய தண்ணீரை எடுக்கலாம்.

ஆனால் 2014-இல் கடும் வறட்சி. அணையின் அடிக் குளிர்ச்சி தீர்ந்துபோயிற்று. அணையில் தண்ணீர் இருந்தது. குளிர்ந்த தண்ணீர்தான் இல்லை! ஆறு சூடேறியது. அந்த ஆண்டு இட்ட முட்டைகளிலும் குஞ்சுகளிலும் நூற்றுக்கு 95 அழிந்தன.

இந்த மீன் 1960-களின் இறுதியில் ஆண்டுதோறும் பல்லாயிரக்கணக்கில் ஆற்றுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. 1990-களின் தொடக்கத்தில் ஓர் ஆண்டு 200-க்கும் குறைந்துவிட்டது. இப்படி நூலிழையில் தொங்கும் குலத்துக்கு 2014-இல் விழுந்த அடி அது.

ஏட்டில் பார்த்தால் அணையில் இத்தனை அடி தண்ணீர் இருப்பு என்றுதான் இருந்திருக்கும். அடிக் கணக்கு மட்டும் பார்த்தவருக்கு ஆபத்து தெரிந்திருக்காது. டிகிரிக் கணக்கு பார்த்தவருக்கே தெரிந்தது.

எல்லா இடத்திலும் ஒரே கதையா?

இல்லை. உண்மையை மறைக்கக் கூடாது.

அலாஸ்கா மாகாணத்தில் பிரிஸ்டல் வளைகுடா என்று ஓர் இடம் மிகவும் குளிரானது. அங்கே ஏரிகள் கொஞ்சம் சூடானதால் சாக்கி சால்மன் குஞ்சுகள் நன்றாக வளர்ந்தன. 2022-இல் சுமார் 7 கோடியே 90 லட்சம் மீன்கள் திரும்பின. அது ஒரு சாதனை!

ஆனால் அதே அலாஸ்காவில் யூக்கான் ஆற்றில் நேர்மாறு. சினூக் சால்மன் அடியோடு குறைந்தது. 2024-இல் அலாஸ்காவும் கனடாவும் அந்த ஆற்றில் சினூக் பிடிப்பதை 7 ஆண்டுக்கு நிறுத்தி வைக்க உடன்பட்டன. ஆற்றங்கரைக் கிராமங்களில் புகை போட்டு மீன் உலர்த்தும் கொட்டகைகள் வெறுமையாக நிற்கின்றன. நம் ஊரில் அறுவடைக் காலத்தில் களம் காலியாகக் கிடந்தால் எப்படி இருக்கும்? அப்படி.

மிகக் குளிரான இடத்துக்குக் கொஞ்சம் சூடு நன்மை. ஏற்கெனவே எல்லையில் நிற்கும் இடத்துக்கு அதே சூடு மரணம். சூடு எல்லோருக்கும் ஒன்றுதான். அவரவர் நிற்கும் படிதான் வேறு.

மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பங்காளி

'அமெரிக்க மீனுக்கு நாம் ஏன் அழ வேண்டும்?' என்று தேவாரத்து வாசகர் கேட்கலாம்.

ஐயா, மேற்கே திரும்பிப் பாருங்கள். உங்கள் ஊரின் தலைமாட்டில் நிற்கும் மலை ஏறி இறங்கினால் கேரள நாடு. போடி மெட்டு வழியாகப் போனால் மூணாறு. அங்கே உயரத்து ஓடைகளில் சால்மனின் பங்காளி ஒருவன் குடியிருக்கிறான்! அவன் பெயர் ட்ரவுட். உடம்பில் வானவில் போல நிறம் ஓடுவதால் 'வானவில் ட்ரவுட்' என்பார்கள். விஞ்ஞானிகள் இதைப் பசிபிக் சால்மனின் இனத்திலேயே சேர்த்திருக்கிறார்கள். இதன் தாயகமும் பசிபிக் கரைதான்.

இந்தியாவுக்கு இதைக் கொண்டுவந்தவர்கள் வெள்ளைக்காரர்கள். தூண்டில் போட்டுப் பொழுது போக்க அவர்களுக்கு மீன் வேண்டியிருந்தது. நீலகிரியில் 1860-களில் பிரான்சிஸ் டே என்ற டாக்டர் முதன்முதலாக முயன்று பார்த்தார், பலிக்கவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்சன் என்ற மீன்வள அதிகாரி முட்டைகளை வரவழைத்து வெற்றி கண்டார். நீலகிரியில் அவலாஞ்சியிலும், மூணாறு அருகே ராஜமலையிலும் ட்ரவுட் குஞ்சு பொரிப்பகங்கள் ஏற்பட்டன. இலங்கையில் நுவரெலியா மலைகளுக்கும் இந்த மீன் போயிற்று.

கவனியுங்கள். நீலகிரி, மூணாறு, நுவரெலியா. எல்லாம் உயரமான இடங்கள். ஏன் கம்பத்தில் விடவில்லை? ஏன் வைகையில் விடவில்லை? விட்டால் செத்துவிடும். இந்த மீனுக்கு 20 டிகிரிக்கு மேல் போனால் துன்பம். 25 டிகிரியை நெருங்கினால் மரணம். உயரம் கொடுத்த குளிர்ச்சிதான் அதற்கு உயிர்ப் பிச்சை.

ஒரு டிகிரிக்கு 500 அடி

இப்போது ஒரு சின்னக் கணக்கு போடுவோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளலாம்.

மலை ஏற ஏறக் குளிரும். 1,000 மீட்டர் ஏறினால் காற்றின் உஷ்ணம் சுமார் ஆறரை டிகிரி குறையும். அப்படியானால் ஒரு டிகிரி குறைய எவ்வளவு ஏற வேண்டும்? சுமார் 150 மீட்டர். அதாவது 500 அடி.

இதைத் திருப்பிப் போடுங்கள். உலகம் ஒரு டிகிரி சூடானால், குளிரை நாடும் ஜீவன் அதே குளிருக்காக 500 அடி மேலே ஏற வேண்டும்.

உலகம் சூடாகிவிட்டதா? ஆகிவிட்டது. 2024-ஆம் ஆண்டுதான் கணக்கெடுத்த காலம் முதல் மிக வெப்பமான ஆண்டு என்று உலக வானிலை அமைப்பு அறிவித்தது. 1850 முதல் 1900 வரை இருந்த சராசரியைவிட ஏறக்குறைய ஒன்றரை டிகிரி அதிகம்.

மூணாறு சுமார் 5,000 அடி உயரத்தில் இருக்கிறது. அதற்குப் பக்கத்து ஆனைமுடி, தென்னிந்தியாவிலேயே உயர்ந்த சிகரம், 8,842 அடி. அதற்கு மேல் என்ன? வானம்தான்!

அமெரிக்க சால்மனாவது வடக்கே வடக்கே போகலாம். நம் மலையில் வாழும் ஜீவனுக்கு வடக்கு கிடையாது. மேலேதான் போக வேண்டும். மேலே போகப் போக ஓடை ஒல்லியாகும். கோடையில் அதுவும் வற்றும். மலை முடியும் இடத்தில் வழியும் முடிந்துவிடும்.

ட்ரவுட்டை வளர்க்க வேண்டும் என்று நான் வாதாட வரவில்லை. அது வெளிநாட்டிலிருந்து வந்த மீன். ஓடையில் உள்ள நம் நாட்டுச் சிறு உயிர்களைத் தின்னவும் செய்யும். அதை ஓர் உஷ்ணமானியாக மட்டும் பாருங்கள் என்கிறேன். குளிர்ச்சி குறைந்தால் முதலில் துடிப்பது அது. அதற்குப் பின்னால் வரிசையில் நிற்பது யார்?

வரிசையில் அடுத்து நிற்பது

ஏலச்செடி நிற்கிறது. அதுவும் நிழலும் குளிர்ச்சியும் இல்லாவிட்டால் வாடும் ஜாதி. 2024 கோடையில் இடுக்கி மலையில் மழை பொய்த்து வெயில் கொளுத்தியபோது ஏலத் தோட்டங்கள் கருகின.

ஏலச்செடி கருகினால் போடிநாயக்கனூர் ஏலச் சந்தைக்கு வரும் மூட்டை குறையும். தேவாரம், போடி, கம்பம் பக்கத்திலிருந்து விடியற்காலையில் தூக்குச்சட்டியோடு ஜீப் ஏறித் தோட்ட வேலைக்குப் போகும் தாய்மார்களின் கூலி நாள் குறையும். சால்மனின் கதை நம் அடுப்படிக்கு வந்துவிட்டது, பார்த்தீர்களா?

சால்மனைச் சுட்டதும் ஏலச்செடியைச் சுட்டதும் ஒரே வெயில். இரண்டையும் இதுவரை காப்பாற்றி வந்ததும் ஒன்றே. மலையின் குளிர்ச்சி.

குளிர்ச்சியைக் காப்பது யார்?

மலையின் குளிர்ச்சிக்கு உயரம் மட்டும் காரணமல்ல. சோலைக் காடும் புல்வெளியும் காரணம்.

மழை பெய்ததும் தண்ணீர் ஓடிவிடாமல் அவை பஞ்சு போல உறிஞ்சிக்கொள்கின்றன. தண்ணீர் பூமிக்குள் இறங்கி, மெல்ல மெல்ல ஊற்றாக வெளியே வருகிறது. கோடையிலும் கிணற்றுத் தண்ணீர் ஏன் ஜில்லென்று இருக்கிறது? பூமிக்குள் வெயில் எட்டுவதில்லை. ஊற்றும் அப்படியே. வெளியே வந்த பிறகு மரங்கள் ஓடைக்குக் குடை பிடிக்கின்றன.

குடையைப் பிடுங்கினால்? ஓடை நேராக வெயிலில் நிற்கும். காட்டை வெட்டினால் ஊற்று குறையும். ஊற்று குறைந்தால் ஓடை மெலியும். மெலிந்த ஓடை சீக்கிரம் சூடாகும். அண்டாத் தண்ணீரைவிடச் சொம்புத் தண்ணீர் சீக்கிரம் கொதிப்பது வீட்டுப் பெண்களுக்குத் தெரியாததா?

உலகம் முழுவதும் ஏறும் சூட்டைத் தேவாரத்தில் இருந்துகொண்டு நாம் தனியாக நிறுத்த முடியாது. நிலக்கரியும் பெட்ரோலும் எரிக்கும் பெரிய தேசங்களுக்கெல்லாம் அதில் பொறுப்பு உண்டு. ஆனால் ஓடைக்கு நிழல் வேண்டுமா, வேண்டாமா என்பது நம் கையில் இருக்கிறது. நிழலான ஓடைக்கும் வெயில் ஓடைக்கும் சில டிகிரி வித்தியாசம் வரும். அந்தச் சில டிகிரிதான் உயிருக்கும் சாவுக்கும் இடைவெளி என்று சால்மன் நமக்குக் காட்டிவிட்டது.

என்ன செய்யலாம்?

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்.

நம் பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் தெரிந்த எண்கள் இரண்டு. முல்லைப் பெரியாறு அணையில் 142 அடி. வைகை அணையில் 71 அடி. 1895-இல் பென்னிகுக் துரை கட்டிய பெரியாறு அணையையும், 1959-இல் திறந்த வைகை அணையையும் நாம் அடிக் கணக்கிலேயே நேசிக்கிறோம். டீக்கடையில் பத்திரிகையைப் பிரித்ததும், 'இன்று எத்தனை அடி?' என்கிறோம். பதினெட்டாம் கால்வாயில் தண்ணீர் திறந்தார்களா என்று விசாரிக்கிறோம். தவறில்லை. அது சோற்றுக் கணக்கு.

ஆனால் அந்த அடிக் கணக்குக்குப் பக்கத்தில் டிகிரிக் கணக்கும் வேண்டும். தண்ணீரின் உஷ்ணத்தை அளக்கும் அலுவலகங்கள் நாட்டில் உண்டு. அந்த எண் குடியானவன் காதுக்கு வருவதில்லை. அணையில் எத்தனை அடி, ஆற்றில் எத்தனை டிகிரி என்று இரண்டையும் சேர்த்து வெளியிட வேண்டும். பத்து ஆண்டு போட்டுவந்தால், பதினோராம் ஆண்டு ஆபத்து வருமுன்பே தெரியும்.

இரண்டாவது, ஓடைக் கரையிலும் ஆற்றங்கரையிலும் நிழல் மரம். நீர்மருதும், புங்கனும், நாவலும் தண்ணீர் ஓரத்து மரங்கள். நட்டுவிட்டுப் படம் எடுத்துக்கொண்டால் போதாது. மூன்று கோடை காப்பாற்ற வேண்டும். இருக்கும் மரத்தை வெட்டாமல் இருப்பது அதைவிடச் சுலபம்.

மூன்றாவது, மலைக்குத் தீ வைக்காதிருப்பது. புல் எரிந்தால் மண் அம்மணமாகும். மழை வந்தால் மண்ணும் போகும், ஊற்றும் போகும். சோலைக் காட்டைக் காப்பது மலைக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள் வேலை என்று நாம் இருக்க முடியாது. இந்தப் பக்கத்துக்காரர்கள் வேலை என்று அவர்களும் இருக்க முடியாது. மேகத்துக்குச் செக்போஸ்ட் கிடையாது.

நான்காவது, பள்ளிக்கூடங்கள். ஒரு கண்ணாடி உஷ்ணமானி போதும். காய்ச்சல் பார்க்கும் உஷ்ணமானி உதவாது. அது 35 டிகிரிக்குக் கீழே காட்டாது. சோதனைச் சாலையில் சிவப்புத் திரவம் உள்ள உஷ்ணமானி இருக்கும். வாரம் ஒரு நாள், ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஊர் ஓடையிலோ கண்மாயிலோ ஆசிரியரோடு போய் அளந்து நோட்டில் எழுத வேண்டும். ஐந்தாம் வகுப்பில் தொடங்கிய பிள்ளை பத்தாம் வகுப்பு முடிக்கும்போது ஊருக்கு ஒரு பொக்கிஷம் கையில் இருக்கும். யாரும் எழுதாத நம் ஊர்த் தண்ணீரின் ஜாதகம் அது.

இதற்கெல்லாம் பெரும் பணம் வேண்டாம். பழக்கம்தான் வேண்டும்.

தண்ணீர் என்றால் நமக்கு அளவு ஞாபகம் வருகிறது. குடம், குழி, கன அடி, டி.எம்.சி. என்று அளக்கிறோம். குளிர்ச்சியும் தண்ணீரின் ஒரு செல்வம். தண்ணீர் இருந்தும் குளிர்ச்சி போய்விட்டால், அதில் வாழ்ந்த ஜீவன் போய்விடும் என்று 2014-இல் சாஸ்தா அணை காட்டியது. அங்கே போனது மீன். இங்கே போவது எது என்று தெரிந்துகொள்ளும் முன்பே விழித்துக்கொள்வோம்.

அடுத்த கோடையில் கண்மாய்க் கரையில் மீன் வாயைப் பிளக்கும். சிறுவன் மறுபடி கேட்பான். "மூச்சு முட்டுதுடா" என்பதோடு தாத்தா நிறுத்த வேண்டாம்.

"தண்ணி எத்தனை டிகிரின்னு அளந்து பாருடா" என்று ஓர் உஷ்ணமானியை அவன் கையில் கொடுக்கட்டும்.